மறுப்புக் கடிதம் கேட்கும் ஜகாத்

முஸ்லிம் அரசு ஊழியர்களின் சம்பளத்தில் மாதந்தோறும் 2.5 சதவீதத்தை ஜகாத் என்னும் இஸ்லாமியக் கடமையான தர்மமாகப் பிடித்துக்கொள்ள இந்தோனேசிய அரசு 2018இல் அதிபர் ஆணை தயாரித்தது. எதிர்ப்பு கிளம்பியதும், கட்டாயமில்லை, விருப்பமில்லாதவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்றது அரசு. முடிவைவிட மோசமானது இந்தச் சமாதானம்.

யாரிடம் எழுதிக் கொடுப்பது? பதவி உயர்வுக்குக் கையெழுத்துப் போடும் மேலதிகாரியிடம்தானே! ஏதோ ஒரு மாவட்ட அலுவலகத்தின் எழுத்தர், ஜகாத் பிடிக்க வேண்டாம் என்று பெயரும் பதவியும் போட்டு அவரிடம் நீட்ட வேண்டும். இஸ்லாத்தின் ஐந்து கடமைகளில் ஒன்றை மறுத்தவர் என்பதற்குச் சாட்சியாக அந்தத் தாள் பணி ஓய்வு வரை கோப்பில் கிடக்கும். அந்த எழுத்தர் உண்மையில் மறுத்தவரா? கணவனை இழந்த அக்காவுக்கும் மதரஸாவில் படிக்கும் ஏழைப் பையனுக்கும் ரமலான்தோறும் தன் கையால் கொடுப்பவராக இருக்கலாம். நியமன ஆணையை வங்கியில் அடகு வைத்துக் கடன் வாங்கி, தவணை போக மிஞ்சுவதில் குடும்பம் நடத்துபவராக இருக்கலாம். இதையெல்லாம் மேலதிகாரியிடம் அவர் ஏன் ஒப்பிக்க வேண்டும்? ஜகாத்துக்கு நிய்யத், அதாவது கொடுப்பவரின் மனதார்ந்த எண்ணம், வேண்டும். வாய் திறக்காதவரெல்லாம் சம்மதித்தவர் என்று வைத்துக்கொண்டு சம்பளப் பட்டியலில் கழித்தால், அதில் யாருடைய நிய்யத் இருக்கிறது?

நாட்டில் ஆண்டுக்கு 217 லட்சம் கோடி ரூபியா ஜகாத் திரட்டலாம் என்று கணக்குப் போட்டார்கள். 2017இல் அமைப்புகள் வழியே வந்தது ஏறத்தாழ 6 லட்சம் கோடி. கொடுக்க மனமில்லாத மக்கள் அல்லர் இவர்கள். அரசை நம்பிக் கொடுக்கத்தான் தயங்குகிறார்கள். தயங்காமல் என்ன செய்வார்கள்? ஹஜ் நிதி முறைகேட்டில் 2006இல் ஒரு முன்னாள் அமைச்சரும் 2016இல் இன்னொருவரும் தண்டிக்கப்பட்டார்களே, இருவரும் இந்த ஆணையைத் தயாரித்த மத விவகார அமைச்சகத்தில் இருந்தவர்கள். குர்ஆன் அச்சிடும் ஒப்பந்தத்தில்கூட லஞ்சம் விளையாடியது. கிழக்கு லொம்போக் மாவட்டத்தில் முன்பு ஆசிரியர் சம்பளத்தில் ஜகாத் பிடித்தபோது அவர்கள் வீதிக்கு வந்ததையாவது நினைத்துப் பார்த்திருக்க வேண்டாமா?

மலேசியாவில் கட்டிய ஜகாத் வருமான வரியிலேயே கழிகிறது. இந்தோனேசியாவிலோ வரிக்குரிய வருமானத்தில் மட்டும்தான் கழிவு; ஊழியருக்கு மிச்சமாவது சொற்பம். சட்டத்தைத் திருத்தி அதைச் சரிசெய்ய இத்தனை ஆண்டுகளாக வராத வேகம், சம்பளத்தில் கைவைக்க மட்டும் எங்கிருந்து வந்தது?

எழுதியிருக்கவே கூடாத வரைவு அது. திரட்டிய பணம் யாருக்குப் போனது என்பதை அரசு முதலில் மக்கள் முன் வைத்து, இழந்த நம்பிக்கையைச் சம்பாதிக்க வழி தேடட்டும். அதுவரை ஊழியரின் சம்பளத்தைத் தொட இவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை.