சாரதியாகிப்போன பட்டதாரியும் நமது நெல்மூடையும்

வினாயகபுரம் தொடக்கம் கோமாரி வரையான நமது கரையோரக் கிராமங்களில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகின்றது. "கம்பஸ் முடிச்ச பொடியன், கடைசியில ஸ்கூல் வேன் ஓடுறான்" என்பதே அது. பரிதாபமும் ஏளனமும் சரிபாதி கலந்த பேச்சு. விதைநெல்லையும் விற்றுப் படிக்க வைத்தோமே, இதற்குத்தானா என்ற பெற்றோரின் ஏக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அந்தப் பேச்சில் அரைவாசிதான் உண்மை.

உயர்தரத்தில் பல்கலைக்கழகத் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கின்றது. அந்த வாசலையும் தாண்டிக் கலைப்பட்டத்தோடு வெளியே வந்தால், அரசு மொத்தமாக ஆளெடுக்கும் வருடம் வரும்வரை காத்திருக்க வேண்டும். 2020இல் 50,000 அளவில் எடுத்தார்கள். அதற்குப் பின் பட்டம் பெற்றவர்கள் பதாகை பிடித்து வீதியில் நின்றதைக் கண்டோம். ஆசிரியராக வேண்டுமென்று படித்த பிள்ளை, காத்திருந்து களைத்து லீசிங்கில் ஒரு வேன் எடுத்தால் அதில் வெட்கப்பட என்ன இருக்கின்றது? வெட்கப்பட வேண்டியவர்கள் வேறிடத்தில் இருக்கின்றார்கள்.

மற்ற அரைவாசியை இடம்பெயர்ந்து அலைந்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990இல் உட்புறக் கிராமங்களை விட்டுக் கரைக்கு வந்தோம். 2004 டிசம்பர் 26இல் கரையையும் கடல் கொண்டுபோனது. போர் ஓய்ந்தபின் சிலர் வயற்காணிகளுக்குத் திரும்பினார்கள், சிலர் இன்னும் திரும்பவில்லை. சாகாமம், தங்கவேலாயுதபுரம் பக்கம் வயலோடு குடியிருப்பவர்களின் பிள்ளைகள் உயர்வகுப்புக்குத் திருக்கோவில், தம்பிலுவில் பக்கம் வரவேண்டியிருக்கின்றது. யானை நடமாடும் பாதையில் பிள்ளையைச் சைக்கிளில் அனுப்ப யாருக்கு மனம் வரும்? அப்படியான வீட்டில் முதலில் நிற்பாட்டப்படுவது பெண்பிள்ளையே.

1945 முதல் இந்நாட்டில் கல்வி இலவசம். பாடநூலும் இலவசம். பள்ளிக்கூடம் போகும் பாதைதான் இலவசமில்லை. 2005இல் தொடங்கப்பட்ட 'சிசு செரிய' பஸ் சேவை சலுகைக் கட்டணத்தில் பிள்ளைகளை ஏற்றுகின்றது, நல்ல காரியம். ஆனால் பெரிய வீதியில் ஓடும் பஸ் வாய்க்கால் கட்டுக்கு வருவதில்லை. அங்கு வருபவர் நாம் ஏளனம் செய்யும் அந்த வேன்காரரே. 2022 ஜூன், ஜூலையில் எரிபொருள் இல்லாமல் பள்ளிக்கூடங்களையே பூட்டினார்களே, வண்டி நின்றால் கல்வி நிற்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? வசதியுள்ள நாடுகளுக்கும் இது விலக்கல்ல. 2021 செப்டெம்பரில் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் சாரதிகள் போதாமல், பிள்ளைகளை ஏற்றும் வேன்களை ஓட்ட 250 பேர்வரை தேசியக் காவற்படையினரை அழைக்கவேண்டி வந்தது.

நான் அறிந்த ஒருவர் புவியியல் படித்தவர். எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் ஏறுகின்றது, யாருடைய மூக்குக்கண்ணாடி உடைந்து மாதம் இரண்டாகின்றது, எந்த வீட்டில் இரவு சண்டை நடந்தது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அதிபர்மார் கோபிக்கக்கூடாது, அவர்களுக்கு இவை பரீட்சைப் பெறுபேறு வந்தபின்தான் தெரியவரும். பின் ஆசனத்தில் இருக்கும் பொடியனுக்கு வரைபடம் பார்க்கவும் அவர் சொல்லிக்கொடுக்கின்றார்.

அவருடைய கஷ்டம் மரியாதைக் குறைவு மட்டுமல்ல. லீசிங் தவணை மாதாமாதம். டீசல் நாளாந்தம். நமது கையில் காசு வருவதோ மாரி வெள்ளாமை வெட்டும்போது ஒருமுறை, சிறுபோகத்துக்குத் தண்ணீர் கிடைத்தால் இன்னொருமுறை. இடைப்பட்ட மாதங்களில் "பிறகு தாறன் தம்பி" என்கின்றோம். மூன்று தவணை தவறினால் வண்டியைத் தூக்க ஆள் வந்துவிடும். பிறகு பிள்ளைகள் வீட்டில்.

இதற்கு வழி நமது களத்திலேயே இருக்கின்றது. வட்டவிதானைக்கு முன்னோர் நெல்லாக அளந்து கொடுத்தார்கள், காசாக அல்ல. வேன் கட்டணத்தையும் அறுவடையில் நெல்லாக வாங்கலாம். மாதம் 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்துக்கு 18,000. 2025 பெப்ரவரியில் அரசு நாட்டு நெல் கிலோவுக்கு வைத்த விலை 120 ரூபாய். அந்தக் கணக்கில் 150 கிலோ. பெற்றோர் சங்கம் அதைச் சேர்த்து விற்று, சாரதிக்கு மாதாமாதம் கொடுக்கட்டும். காணி கைக்கு வராமல் கூலிக்குப் போகும் குடும்பத்தின் பங்கைச் சங்கம் பொதுவில் இருந்து எடுக்க வேண்டும். சில வீடுகள் முகம் சுளிக்கும். சுளிக்கட்டும், அகதி முகாமில் ஒரே கிடாரத்துச் சோறு தின்றவர்கள்தானே நாம்.

கட்டணம் ஒழுங்காகக் கொடுப்பவருக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. ஆசனக் கணக்குக்கு மேல் பிள்ளைகளை அடைப்பது, மிதிபலகையில் தொங்கவிடுவது, ஓடும்போது தொலைபேசி பேசுவது இவற்றைச் சங்கம் கண்டிக்கலாம். இப்போது கண்டிக்க வாய் வருவதில்லை, நாம் கடன்காரர்.

மாரி அறுவடைக்கு முன்னரே கூட்டத்தை வையுங்கள். நெல் வியாபாரி மூடையைக் கட்டியபின் பேசிப் பயனில்லை. கணக்குப் புத்தகம் தாய்மார் இருவரிடம் இருக்கட்டும். சாரதியையும் கூப்பிட்டு, கதிரை போட்டு இருத்துங்கள்.