அழுத்தம் கீழ்நோக்கியே இறங்குகிறது

பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் நெஞ்சுவலி வரும் என்பது வெகுகால நம்பிக்கை. பொறுப்பு அதிகம், முடிவெடுக்க வேண்டிய நெருக்கடி அதிகம், எனவே இதயத்துக்கும் ஆபத்து அதிகம் என்று மருத்துவர்களே நினைத்திருந்தார்கள். 1967-இல் பிரிட்டனின் அரசு ஊழியர்கள் சுமார் 18,000 பேரைக் கண்காணிக்கத் தொடங்கிய ஓர் ஆய்வு அந்த நம்பிக்கையைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டது. லண்டனில் அரசின் தலைமை அலுவலகங்கள் இருக்கும் வைட்ஹால் பகுதியின் பெயரால் அது அறியப்படுகிறது. இதய நோயால் இறப்பது உயர் அதிகாரிகளைவிட, கோப்பு சுமக்கும் ஏவலர்கள், வாயில்காப்போர் போன்ற கடைநிலை ஊழியர்களிடம் சுமார் மூன்று மடங்கு அதிகமாக இருந்தது.

அவர்கள் பட்டினி கிடந்தவர்கள் அல்லர். நிரந்தர வேலையும் ஓய்வூதியமும் இருந்தன. மருத்துவத்துக்குக் காசு கொடுக்கத் தேவையில்லாத நாடு அது. கீழ்நிலையில் இருந்தவர்கள் அதிகம் புகைபிடித்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் இடைவெளியின் பெரும்பகுதி அப்படியே நின்றது. இன்னொன்றும் தெரிந்தது. ஆபத்து கடைசிப் படியில் மட்டும் குவிந்திருக்கவில்லை; ஒவ்வொரு படி இறங்கும்போதும் கூடிக்கொண்டே போனது. உச்சியில் இருந்தவருக்கு அடுத்த நிலையில் இருந்தவர்கூட அவரைவிட நலம் குறைந்தவராகவே இருந்தார்.

மைக்கேல் மார்மட் என்ற நோய்ப்பரவலியலாளரின் தலைமையில் 1985-இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வில் பெண்களும் சேர்ந்தார்கள். மொத்தம் 10,308 பேர். இம்முறை அவர்களிடம் வேலையைப் பற்றியும் விரிவாகக் கேட்டார்கள். எதை முதலில் செய்வது, எவ்வளவு வேகத்தில் செய்வது, எப்போது சற்று ஓய்வது என்பதில் உங்களுக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது? அந்த உரிமை குறைந்தவர்களிடம் இதய நோய் கூடுதலாக இருந்தது. மேல் கீழ் வித்தியாசத்தின் கணிசமான பகுதியை இந்த ஒன்றே விளக்கியது. ராபர்ட் கராசெக் என்ற சமூகவியலாளர் 1979-லேயே இதற்கு ஒரு வரைவு தந்திருந்தார். வேலைப்பளு மட்டும் ஆளைச் சாய்த்துவிடுவதில்லை. பளு கூடி, அதைக் கையாளும் உரிமை குறையும் இடத்தில்தான் மனிதர் நொறுங்குகிறார் என்பது அவர் கண்டது.

நம் ஊரில் மன அழுத்தம் பற்றி நடக்கும் பேச்சில் காணாமல் போவது இந்த உரிமைதான். மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், கைப்பேசியைத் தள்ளி வையுங்கள், நேர்மறையாகச் சிந்தியுங்கள் என்று நாள்தோறும் கேட்கிறோம். இவற்றால் பயனில்லை என்று சொல்லமாட்டேன். நடைப்பயிற்சியும் நல்ல உறக்கமும் உடலுக்கு நல்லது செய்வது உறுதி. ஆனால் அழுத்தத்தைத் தனி மனிதரின் மனக் கோளாறாக மட்டும் பார்க்கும்போது, அதை உற்பத்தி செய்யும் இடம் விசாரணையே இல்லாமல் தப்பித்துவிடுகிறது.

உடலுக்குள் நடப்பதைப் பார்ப்போம். ஆபத்து என்று மூளை உணர்ந்ததும் ஹைப்போதலாமஸ் செய்தி அனுப்புகிறது. பிட்யூட்டரி சுரப்பி அதை வாங்கி, சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்குக் கடத்துகிறது. நரம்பின் நேரடித் தூண்டலில் அட்ரினலின் நொடிகளில் பாயும், பிட்யூட்டரி வழியில் கார்ட்டிசால் நிமிடங்களில் ஏறும். இதயம் வேகமெடுக்கிறது, ரத்தத்தில் சர்க்கரை கூடுகிறது, செரிமானம் ஒத்திப்போடப்படுகிறது. பாம்பைக் கண்டு பின்வாங்குவதற்கு இது அருமையான ஏற்பாடு. ஐந்து நிமிடத்தில் பாம்பு போய்விடும், உடலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மாதக் கடைசி டார்கெட்டும், எந்த நேரம் கூப்பிடுவார் என்று தெரியாத மேலதிகாரியும், வட்டி கட்ட வேண்டிய தேதியும் அப்படிப் போய்விடுவதில்லை. அவசரத்துக்கென்று உருவான ஏற்பாடு அன்றாடமாகிவிடுகிறது. ரத்தக் குழாய் தேய்கிறது, இடுப்பைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது, இன்சுலின் வலுவிழக்கிறது. புரூஸ் மெக்கீவன் என்ற நரம்பியலாளர் இப்படிச் சேரும் தேய்மானத்துக்கு 1993-இல் தனிப்பெயரே சூட்டினார். நீடித்த அழுத்தத்தில், நினைவைக் காக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியின் நரம்புக் கிளைகள் சுருங்குவதை விலங்குகளில் காட்டியவரும் அவரே. மனம் வேறு, உடல் வேறு என்ற பிரிவினை அந்தச் சோதனைகளின் முன் நிற்காது. உறக்கம் கெடுகிறது, உறக்கம் கெட்டதால் எரிச்சல் ஏறுகிறது, எரிச்சல் முற்றி எதிலும் பிடிப்பற்ற சோர்வாகிறது. அந்தச் சோர்வுதான் பிறகு மாத்திரையை மறக்கவும் மதுவைத் தேடவும் வைக்கிறது.

என்னை மிகவும் பாதித்த சான்று 1995-இல் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. ஜானிஸ் கீகால்ட்-கிளேசரும் உடன் பணியாற்றியவர்களும், மறதி நோய் கண்ட உறவினரை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் 13 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். அதே வயதும் அதே வருமானமும் உள்ள, அந்தச் சுமை இல்லாத 13 பெண்களை ஒப்பீட்டுக்கு வைத்தார்கள். எல்லோருடைய கையிலும் 3.5 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு சிறு காயம் ஏற்படுத்தி, அது ஆறும் வரை கவனித்தார்கள். சுமையில்லாதவர்களுக்குச் சராசரியாக 39 நாட்களில் ஆறியது. பராமரிப்பவர்களுக்குச் சுமார் 49 நாட்கள் ஆயின. யாரிடமும் புகார் சொல்ல முடியாத, விடுப்பும் இல்லாத ஒரு வேலையின் கணக்கைத் தோல் எழுதிக் காட்டியிருக்கிறது. படுக்கையில் விழுந்த மாமியாரைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொள்ளும் மருமகள்கள் நம் தெருக்களில் எத்தனை பேர்! அவர்களுடைய களைப்பைக் ‘கடமை’ என்ற ஒற்றைச் சொல்லால் நாம் மூடிவைக்கிறோம்.

அந்தக் காயச் சோதனைக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் ஷெல்டன் கோஹென் என்ற உளவியலாளர் செய்த சோதனையும் இதே திசையைக் காட்டியது. நலமாயிருந்த 394 தன்னார்வலர்களின் மூக்கில் சளி உண்டாக்கும் வைரஸ் கலந்த சொட்டு விடப்பட்டது. அழுத்தம் அதிகம் என்று முன்கூட்டியே பதிவானவர்களிடம் தொற்று கூடுதலாகப் பற்றியது.

எல்லாவற்றுக்கும் டென்ஷன்தான் காரணம் என்று சொல்லிவிடவும் கூடாது. வயிற்றுப் புண்ணுக்குக் கவலைதான் மூலம் என்று மருத்துவ உலகம் பல பத்தாண்டுகள் சாதித்தது. பெரும்பாலானவற்றின் பின்னால் ஒரு பாக்டீரியா இருப்பதைக் கண்டுபிடித்த பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். ‘கவலைப்படாதீர்கள்’ என்று சொல்லி அனுப்பப்பட்ட எத்தனையோ நோயாளிகளுக்குத் தேவைப்பட்டது நுண்ணுயிர்க்கொல்லி. அழுத்தம் என்ற சொல் விளக்கமாகவும் இருக்கலாம், கைகழுவலாகவும் இருக்கலாம்.

அதைக் கைகழுவலாகப் பயன்படுத்தக் கற்றுக்கொண்ட தொழில் ஒன்று உண்டு. அழுத்த ஆய்வின் தந்தை என்று போற்றப்படும் ஹான்ஸ் செல்யே, 1936-இல் எலிகளை வைத்து எழுதிய சிறு குறிப்பின் மூலம் இந்தத் துறையைத் தொடங்கிவைத்தவர். அவர் பின்னாளில் அமெரிக்கப் புகையிலைத் தொழிலிடம் நிதி பெற்றார். எப்போதும் அவசரமும் போட்டியும் கொண்ட குணம்தான் மாரடைப்பைக் கொண்டுவருகிறது என்ற ‘டைப் ஏ’ கோட்பாட்டு ஆய்வுகளுக்கும் பிலிப் மோரிஸ் என்ற சிகரெட் நிறுவனம் பணம் கொடுத்தது. சிகரெட்டின் மேல் விழவேண்டிய பழி குடிப்பவரின் சுபாவத்தின் மேல் விழுந்தால் நிறுவனத்துக்கு லாபம். நீதிமன்ற வழக்குகளால் வெளிவந்த அவர்களுடைய சொந்த ஆவணங்களே இதற்குச் சாட்சி. ஊழியரின் மனஉறுதி குறைவு என்று ஒரு நிர்வாகம் சொல்லும்போது, இந்த வரலாற்றை நினைத்துப் பார்ப்பது நல்லது.

உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் ஒரு கூட்டு மதிப்பீட்டை வெளியிட்டன. வாரம் 55 மணிநேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணிநேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம். நீண்ட வேலைநேரத்தோடு தொடர்புடைய இத்தகைய இறப்புகள் 2016-இல் மட்டும் 7,45,000. இதற்குப் பிறகும் இந்தியாவின் பெருநிறுவனத் தலைவர்கள் 70 மணிநேரம், 90 மணிநேரம் என்று இளைஞர்களுக்கு அறிவுரை சொல்கிறார்கள். தங்கள் நேரத்தைத் தாங்களே வகுத்துக்கொள்ளும் உரிமை படைத்தவர்கள், அந்த உரிமை அறவே இல்லாதவர்களிடம் இதைக் கேட்பது அநியாயம்.

தமிழ்நாடு இதில் வெறுங்கையோடு நிற்கவில்லை. துணிக்கடையிலும் நகைக்கடையிலும் காலை முதல் இரவு வரை நின்றே விற்கும் பெண்களுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தோம். கேரளம் 2018-லேயே அதைச் செய்திருந்தது. ஒரு நாற்காலி என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். கால் வலிக்கும்போது யாரிடமும் கெஞ்சாமல் உட்காரலாம் என்பது, கராசெக் பேசிய அதே உரிமையின் சிறு துண்டு. இங்கே 2021-லேயே காவலர்களுக்கு வார விடுப்பும் அறிவிக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் வேலைநாளை 12 மணிநேரமாக நீட்ட வழிவிடும் தொழிற்சாலைத் திருத்த மசோதா பேரவையில் நிறைவேறியபோது தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. அப்போது நடந்த விவாதத்தில் கூலியும் முதலீடும் பேசப்பட்ட அளவுக்கு ரத்தக் குழாய் பேசப்படவில்லை. தொழிலாளியின் உடலை முன்வைத்தும் அதை எதிர்த்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

சட்டத்தின் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அறிவிக்க வேண்டிய தொழில்நோய்களைப் பட்டியலிட்டது. ஈயநஞ்சு, சிலிக்கோசிஸ், இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை என்று அது நீள்கிறது. பெரும்பாலானவை தூசியும் ரசாயனமும் ஓசையும் தருபவை. 12 மணிநேர ஷிஃப்டும், கழிப்பறைக்குப் போகச் சூப்பர்வைசரிடம் அனுமதி கேட்கும் நிலையும் தரும் நோய்க்கு அதில் இடமில்லை. 2020-இன் தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அந்தப் பழைய தடத்திலேயே செல்கிறது. ஜப்பான் வேறு வழியில் போனது. மிகை உழைப்பால் வரும் மரணத்துக்கு அங்கே ‘கரோஷி’ என்று பெயர். அதைத் தடுக்கவே 2014-இல் தனிச் சட்டம் இயற்றினார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் ஆண்டுதோறும் அழுத்தப் பரிசோதனை நடத்துவது 2015 டிசம்பரிலிருந்து கட்டாயம். ஜப்பானின் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. ஆனால் இறந்தவரின் குடும்பம் இழப்பீடு கேட்டு நிற்க அங்கே ஒரு கதவு இருக்கிறது.

நமக்குக் கதவு இல்லாததன் விலை எங்கே தெரிகிறது? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2021-இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,64,033 பேர். அவர்களில் 42,004 பேர் தினக்கூலிகள். நான்கில் ஒருவர். ஒவ்வொரு மரணத்துக்கும் பல காரணங்கள் இருக்கும், ஒற்றைக் காரணத்தில் அடைப்பது தவறு. ஆனால் நாளைக்கு வேலை உண்டா என்பதைத் தான் தீர்மானிக்க முடியாதவர்களே இந்தப் பட்டியலின் தலையில் இருக்கிறார்கள். 2022-இல் தொடங்கப்பட்ட 14416 என்ற மனநல உதவி எண் அவர்களுக்கும்தான். கூலி வேலைக்கு நடுவே அந்த எண்ணுக்குப் பேச அரைமணிநேரம் யார் தருவார்கள்?

செய்யக்கூடியது ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021-இல் வீட்டு வாசலுக்கு பி.பி. மாத்திரையையும் சுகர் மாத்திரையையும் கொண்டுவந்தது. அதன் தொடர்ச்சியாகத் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ 2024-இல் தொழிற்கூடங்களுக்குள்ளேயே பரிசோதனைக்குப் போனது. செவிலியர் கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்க்கிறார். அதோடு நான்கு கேள்விகளும் கேட்கட்டும். இந்த வாரம் எத்தனை மணிநேரம் வேலை செய்தீர்கள்? கேட்ட விடுப்பு கிடைத்ததா? வேலை நடுவில் எழுந்துபோக அனுமதி வேண்டுமா? இரவில் எத்தனை மணிநேரம் தூங்குகிறீர்கள்? பதில்களைத் தனி மனிதரின் பெயரில் பதியாமல், தொழிற்கூடத்தின் பெயரில் பதிய வேண்டும்; பெயர் வெளியே தெரிந்தால் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள். ஒரே தொழிலில், ஒரே வயதினரிடம், ஒரு கூடத்தில் மட்டும் ரத்த அழுத்தமும் வேலைநேரமும் சேர்ந்து ஏறியிருந்தால், அந்தத் தாள் தொழிற்சாலை ஆய்வாளரின் மேசைக்குப் போகட்டும். ஈயத் தூசிக்காக ஒரு கூடத்தைச் சோதிக்கும் அதிகாரம் அவருக்கு இருக்கிறது. ஷிஃப்ட் பதிவேட்டையும் அதே கண்ணோடு அவர் புரட்ட, அரசு ஓர் ஆணை பிறப்பித்தால் போதும்.