வேலையும் ஒரு மருந்துதான்

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போய்வரும் மாணவர்கள், வெள்ளைக் கோலுடன் வேலைக்குச் செல்லும் பார்வையற்றோரைப் பார்த்திருப்பீர்கள். 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. பார்வையற்றோர் பணிபுரியும் உடம்புப்பிடி நிலையங்களும் அங்கே உண்டு. கண் தெரியாதவர் உழைத்துச் சம்பாதிப்பதை அந்த வட்டாரம் இயல்பாக ஏற்றுக்கொண்டிருக்கிறது.

மனச்சிதைவு, இருதுருவ மனநிலைக் கோளாறு போன்ற கடும் மனநோயிலிருந்து தேறி வருபவருக்கு அந்த வரவேற்பு கிடைப்பதில்லை. "தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்" என்ற கேலிதான் கிடைக்கிறது. 1911 முதல் நோயாளிகளைக் கவனித்துவரும் ஒரு மருத்துவமனை இருக்கும் ஊரின் பெயரை நாம் வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம்.

"முதலில் முழுசாகக் குணமாகட்டும், வேலையைப் பிறகு பார்க்கலாம்" என்று குடும்பத்தார் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வீட்டிலேயே முடங்கிக் கிடக்கும் ஒவ்வோர் ஆண்டும் தன்னம்பிக்கையைக் கரைத்துவிடும்.

1990களில் அமெரிக்காவில் உருவான ஒரு முறை இதை மாற்றிப் போட்டது. வேலை செய்ய விரும்புகிறவரை நீண்ட பயிற்சியில் காக்க வைக்காமல், அவருக்குப் பிடித்த சாதாரணச் சம்பள வேலையைத் தேடித் தருகிறார்கள். வேலையில் சேர்ந்த பிறகும் ஓர் ஆலோசகர் துணை நிற்கிறார். பழைய முறையைவிட இதில் அதிகம் பேர் வேலை பெற்றதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டின. நம் சுகாதார அமைச்சின் 'மெந்தாரி' சமூக மனநல மையங்களும் இவ்வழியில் வேலைவாய்ப்புக்கு உதவுகின்றன.

முதலாளி செய்ய வேண்டியதும் பெரிதல்ல. மாத்திரையால் காலையில் தூக்கக் கலக்கம் இருந்தால் வேலை நேரத்தைச் சற்றுத் தள்ளி வைக்கலாம். மருத்துவரைப் பார்க்கும் நாளில் விடுப்பு தரலாம். வேலைகளை எழுதிக் கொடுக்கலாம். நோய் மீண்டும் வந்தால்? வரலாம். நீரிழிவு கூடிப்போய் மருத்துவமனையில் படுத்தவரும் விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பத்தானே செய்கிறார்!

சமூக நல இலாகா பதிவு செய்யும் 7 வகை மாற்றுத் திறனாளிகளில் மனநலம் பாதிக்கப்பட்டோரும் அடங்குவர். 2008ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டம் அவர்களுக்கும் வேலையில் சம வாய்ப்பு உண்டு என்கிறது. ஆனால், மறுப்பவருக்குத் தண்டனை எதையும் விதிக்காமலேயே அது இயற்றப்பட்டது. அந்தக் குறையைச் சட்டம் சரிசெய்யும்வரை, சக மனிதர்களின் மனம்தான் கதவைத் திறக்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஏன் இந்தப் பேச்சு என்கிறீர்களா? இந்நோய்கள் பலருக்குப் பதின்ம வயதின் இறுதியிலும் இருபதுகளிலும்தான் தலைகாட்டுகின்றன. உங்கள் வகுப்புத் தோழரே ஒரு பருவம் விடுப்பெடுத்துவிட்டுத் திரும்பி வரலாம். விட்டுப்போன குறிப்புகளைக் கொடுங்கள். குழுப் பணியில் ஒரு பங்கை ஒதுக்குங்கள். நாளை நேர்காணல் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரப் போகிறவர்கள் நீங்கள். அதற்கான பழக்கம் இன்றே வரட்டும்.