கடைக்குப் போகுமுன்: கம்ப்யூட்டர் பாகங்கள்

பிள்ளையின் படிப்புக்கு டெஸ்க்டாப் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்க்கப் போகிறீர்களா, சகோதரி? சென்னை ரிச்சி தெருவுக்குக் கிளம்புமுன் ஒரு சீட்டு எழுதிக் கொள்ளுங்கள்.

முதலில் பிராசஸர். பிறகு அதற்குப் பொருந்தும் மதர்போர்டு. சாக்கெட் மாறினால் உட்காராது. டி.டி.ஆர்.5 போர்டில் டி.டி.ஆர்.4 ராம் ஏறவே ஏறாது. படிப்புக்கு 16 ஜி.பி. ராமும் 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யும் போதும். பிராசஸரிலேயே கிராபிக்ஸ் இருந்தால் தனிக் கார்டு எதற்கு? இன்டெலில் பெயர் 'எஃப்' என்று முடிந்தால் அது இருக்காது, கவனம்.

மிச்சம் பிடிக்கிறேன் என்று எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மட்டும் கை வைக்காதீங்க! கேபினெட்டோடு 'சும்மா' கிடைக்கும் மட்டரகம் கெட்டுப் போனால், சில சமயம் போர்டையும் சேர்த்துக் கொண்டு போய்விடும். அடுப்பு உசத்தி, ரெகுலேட்டர் மட்டம் என்று வாங்குவோமா? அப்படித்தான் இதுவும்.

வாரண்டி பாகத்துக்குப் பாகம் வேறு. சீரியல் நம்பரோடு பில் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டு போலப் பத்திரப்படுத்துங்க.