விடுமுறையில் ஒரு மரண விசாரணை

கடந்த மார்கழியில் நீதிமன்றங்கள் விடுமுறைக்காக மூடப்பட்ட அன்று, எம்மிடம் தொழில் பயிலும் இளைஞர் ஒருவர் வினாவொன்றை எழுப்பினார். "இந்தியப் படங்களைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்களே ஐயா, இலங்கையில் எடுத்த தமிழ்ப் படங்களில் எத்தனையைப் பார்த்திருக்கிறீர்கள்?" குறுக்கு விசாரணையில் அகப்பட்ட சாட்சியைப் போல விழித்தோம். ஒன்றைத்தானும் நாம் பார்த்ததில்லை. மேடைதோறும் மொழி, கலை, பண்பாடு என்று முழங்கும் எமக்கு இது தலைகுனிவன்றி வேறென்ன? விடுமுறை முடியுமுன் அவை அனைத்தையும் பார்த்துத் தீர்ப்பதென அவ்விடத்திலேயே சபதம் செய்தோம். நாளொன்றுக்கு இரண்டு படங்கள்.

இயலாத காரியமன்று. 1962 ஆம் ஆண்டில் 16 மில்லிமீற்றர் சுருளில் எடுக்கப்பட்ட 'சமுதாயம்' தொடக்கம் எண்பதுகளின் முற்பகுதிவரை வெளிவந்தவை முப்பதைத் தாண்டா. பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினோம். வீட்டுப் பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தனர்.

விடுமுறை முடிந்தபோது பட்டியலில் வெட்டப்பட்டிருந்த பெயர்கள் நான்கே! சோம்பல் காரணமன்று. மற்றவை எமக்குக் கிடைக்கவில்லை. கட்டிடக் கலைஞர் வீ. எஸ். துரைராஜா தயாரித்த 'குத்துவிளக்கு' (1972) எங்கே என்று கேட்டோம். பாடல்களைத் தந்தார்கள், படத்தைத் தரவில்லை. செங்கை ஆழியானின் நாவலைக் கொண்டு எடுத்த 'வாடைக்காற்று' (1978) எங்கே என்று கேட்டோம், நாவலை நீட்டினார்கள். மலையகத்தில் தொழிற்சங்கம் நடத்திய வி. பி. கணேசன் நடித்த 'புதிய காற்று' (1975) எங்கே? கூட்டம் சேர்க்க நாம் துண்டுப் பிரசுரம் அடிக்கிறோம். அவரோ படம் எடுத்தார். எமது தொழிலுக்கும் பாடமாக இருந்திருக்கும். படம் பார்க்கப் புறப்பட்ட நாம் மரண விசாரணை நடத்தலானோம்.

பார்த்தவற்றில் எம்மை உறங்கவிடாதது 'பொன்மணி' (1977). காவலூர் இராசதுரை கதைவசனம் எழுத, சிங்களவரான தர்மசேன பத்திராஜ இயக்கியது. சீதனமும் சாதியும் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தை மெல்ல மெல்ல நெரிப்பதை அவர் எவ்வித ஆரவாரமுமின்றிக் காட்டுகிறார். போருக்கு முந்திய வீதிகள், வேலிகள், முற்றங்கள் அனைத்தும் அதில் உள்ளன. எம் தந்தையார் சைக்கிளில் சென்ற யாழ்ப்பாணத்தை நாம் முதன்முதலாகக் கண்டது அப்போதுதான். அத்தகைய படம் வெளிவந்த நாளில் வசூலின்றித் தோற்றது. தோற்கடித்தது எந்த அரசாங்கமும் அல்ல; இந்திய நட்சத்திரங்களுக்காகப் படமாளிகை வாசலில் முண்டியடித்த நாமேதான்.

1983 ஆடியில் வன்செயற் கூட்டம் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோவை எரித்தது. 1981 இல் எரிந்த யாழ் நூலகத்திற்காக ஆண்டுதோறும் கண்ணீர் விடுகிறோம், அது தகும். கருகிய படச்சுருள்களுக்காக எந்த மேடையில் யார் அழுதார்? எந்தெந்தச் சுருள் எங்கே அழிந்ததென்று ஒரு கணக்கேனும் எடுத்தோமா? நெருப்புக்குத் தப்பியவையும் பத்திரமாக இல்லை. எமது வெப்பத்திலும் ஈரத்திலும் அசற்றேற்றுச் சுருள் தானாகவே சிதையும். பெட்டியைத் திறந்தால் வினாகிரி மணம் வீசும்.

இங்கே சட்டத்தின் ஓட்டை ஒன்றைச் சுட்டுவது எமது கடமை. பத்துப் பக்கத்தில் ஒரு சிறுநூலை அச்சிடுபவரும் அதன் பிரதிகளை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற விதி வெள்ளையர் காலந்தொட்டு இந்நாட்டில் உண்டு. அச்சுக்கு விதித்த அக்கடமையை அச்சட்டம் சினிமாவுக்கு விதிக்கவில்லை. இந்தியா 1964 இலேயே பூனாவில் தேசிய திரைப்படக் காப்பகத்தை நிறுவியது. அதற்குள் முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) போன்றவை கைநழுவிப் போயின என்பது வேறு கதை. இங்கும் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அத்தகைய காப்பகம் வேண்டுமென்று நெடுங்காலம் மன்றாடினார். சிங்களப் படங்களும் அழிகின்றன. இது தமிழருக்கு மட்டுமான வழக்கன்று. ஆகவே இரு மொழிக் கலைஞரும் ஒருங்கே கையொப்பமிட்டு, வெளியாகும் ஒவ்வொரு படத்தின் பிரதியும் காப்பகத்தில் சேர்க்கப்பட வேண்டும் என்ற சட்டத்தைப் பாராளுமன்றத்தில் கோர வேண்டும். நகல் வரைந்து கொடுக்க நாம் ஆயத்தம், கட்டணம் கேளோம்.

"அவை தென்னிந்தியப் படங்களின் மட்டமான நகல்கள், போனால் போகட்டும்" என்கிறார் எமது நண்பர் ஒருவர். இருக்கலாம். நாம் பார்த்த நான்கில் ஒன்று அப்படித்தான் இருந்தது; பாதியில் எழுந்துவிட எண்ணினோம். ஆயினும் சாட்சி நல்லதா பொய்யானதா என்பதைச் சாட்சியைக் கேட்டபின் தீர்மானிப்பதே எமது தொழில் வழக்கம். கேட்குமுன் கொன்றுவிட்டுத் தீர்ப்பெழுத எந்த நீதவானும் துணியார்.

பட்டியல் இன்னமும் சுவரில் இருக்கிறது. தகரப் பெட்டியோ பழைய ஒளிநாடாவோ வைத்திருப்போர் எமக்கு எழுதலாம். பறித்துச் செல்லமாட்டோம், பிரதி எடுத்துத் திருப்பித் தருவோம். அட்டனுக்கு அருகே ஓர் அன்பர், தமது பரணில் பெயரெழுதாத இரண்டு பெட்டிகள் கிடப்பதாக அறிவித்துள்ளார். சித்திரை விடுமுறையில் அந்த இளைஞரையும் அழைத்துக்கொண்டு அங்கே செல்கிறோம்.