தனிமரம் தோப்பாகாது

பினாங்கில் பிறந்து வளர்ந்தும் சீன எழுத்துகள் எனக்குச் சுவர்ச் சித்திரம் போலத்தான் இருந்தன. சூலியா தெருவில் நடக்கும்போது கடைப் பலகைகளைப் பார்ப்பேன், படிக்க நினைத்ததில்லை. பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழியை விருப்பப் பாடமாக எடுத்த பிறகுதான் இது மாறியது.

ஹிராகானாவில் அடிப்படை எழுத்துகள் 46, கத்தகானாவிலும் 46. தமிழ்ப்பள்ளியில் 247 எழுத்துகளைப் படித்த எனக்கு அவை பாரமாகத் தெரியவில்லை. அடுத்து வந்தது கான்ஜி. பெயரைக் கேட்டதும் நோன்புக் கஞ்சிதான் நினைவுக்கு வந்தது. ஆனால் இது அவ்வளவு எளிதில் உள்ளே இறங்கவில்லை. அன்றாடப் பயன்பாட்டுக்கென ஜப்பான் வகுத்துள்ள பட்டியலில் 2,136 கான்ஜிகள் உள்ளன. ஒரே எழுத்துக்குப் பல ஒலிகள் வேறு. 'மலை' என்ற எழுத்து தனியே நின்றால் 'யாமா'. ஃபுஜி மலையின் பெயரில் வந்தால் 'சான்'.

வகுப்பில் சீனப்பள்ளியில் படித்த தோழர்கள் பார்த்தவுடனே பொருள் சொன்னார்கள். முதல் சோதனையில் நான் பாதிக்கு மேல் தவறாக எழுதினேன். "இது நமக்கு வராது" என்று பாடத்தையே கைவிட இருந்தேன்.

வாக்கியம் அமைக்கும் பாடம் வந்தபோது நிலைமை தலைகீழானது. 'மீனைச் சாப்பிடுகிறேன்' என்பதை ஜப்பானியர் 'சக்கனா ஓ தபெமாஸ்' என்கிறார்கள். சக்கனா மீன், 'ஓ' நம்முடைய 'ஐ' உருபைப் போன்றது, வினை கடைசியில் வருகிறது. வினையை நடுவில் வைத்துப் பழகிய தோழர்கள் தடுமாறினார்கள். எனக்கோ தமிழில் யோசித்தாலே போதுமானதாக இருந்தது. அன்றிலிருந்து பக்கத்து இருக்கைத் தோழி எனக்குக் கான்ஜி சொல்லித் தருகிறாள். நான் அவளுக்கு இலக்கணம் சொல்லித் தருகிறேன்.

கான்ஜியை மொத்தமாக விழுங்க முடியாது என்பதையும் புரிந்துகொண்டேன். ஜப்பானியப் பிள்ளைகளே தொடக்கப்பள்ளியின் ஆறு ஆண்டுகளில் 1,026 எழுத்துகளைத்தான் படிக்கிறார்கள். நான் இப்போது ஒவ்வோர் எழுத்தையும் உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பார்க்கிறேன். மனிதனும் அவன் அருகில் மரமும் நின்றால் 'ஓய்வு'. மூன்று மரங்கள் சேர்ந்தால் 'காடு'.

தமிழ் கடினம் என்று சொல்லி எஸ்.பி.எம். தேர்வில் அதை விட்டுவிட நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். எந்த மொழியும் தொடக்கத்தில் மிரட்டத்தான் செய்யும். அந்நிய மொழி வகுப்பில் நான் தடுமாறியபோது எனக்குக் கைகொடுத்தது நம் தமிழ்தான்.

தனிமரம் தோப்பாகாது என்பார்கள் நம் பெரியவர்கள். கான்ஜியிலும் ஒரு மரம் மரம்தான். இரண்டு மரங்களைச் சேர்த்து எழுதினால்தான் தோப்பு.