கட்டுரை இங்கே, காசு எங்கே?

தீபாவளிச் சிறப்பிதழுக்குக் கட்டுரை வேண்டும் என்று ஜூலையிலேயே கேட்பார்கள். ஆகஸ்டில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அக்டோபரில் இதழ் கடைக்கு வரும். 'பிரசுரமான 60 நாளில் பணம்' என்பது நிபந்தனையானால், தீபாவளி இனிப்புகளைப் பற்றி எழுதியவர் கைக்குக் காசு வந்துசேரும்போது சங்கராந்திப் பட்டங்கள் விற்பனைக்கு வந்திருக்கும். அதுவும் சொன்ன தேதியில் வந்தால்.

மும்பையிலும் டெல்லியிலும் சினிமா, ஃபேஷன், பயணம், சாப்பாடு என்று வாசகரை மகிழ்விக்கும் இதழ்களுக்கு எழுதிப் பிழைக்கிற ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர்களின் காலண்டர் இப்படித்தான் ஓடுகிறது.

வாய்ப்புக்குப் பஞ்சம் என்று சொல்ல முடியாது. 1952-ல் ஃபிலிம்ஃபேர், 1959-ல் ஃபெமினா, 1971-ல் ஸ்டார்டஸ்ட் என்று மெல்ல வளர்ந்த சந்தை இது. தாராளமயத்துக்குப் பிறகு வெளிநாட்டுப் பெயர்களும் வந்து இறங்கின. 1996-ல் எல், 2007-ல் வோக். 2020-ல் கொரோனா வந்தபோது பல இதழ்கள் பக்கங்களைக் குறைத்தன. சில நின்றே போயின. ஆனால் இணையப் பதிப்புகளுக்கு அன்றாடம் தீனி வேண்டியிருக்கிறது. ஆசிரியர் குழுவோ சிறியது. எனவே வெளியாட்களின் எழுத்து இல்லாமல் காரியம் நடக்காது.

என்ன விலைபோகிறது என்பதில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். பெரிய நட்சத்திரத்தின் பேட்டி அவர்களுக்குக் கிடைக்காது. அது நட்சத்திரத்தின் மக்கள் தொடர்பாளருக்கும் இதழின் ஆசிரியருக்கும் இடையே முடிவாகிற விஷயம். ஆசிரியர் குழுவால் எட்ட முடியாத இடத்தில் இருப்பதுதான் ஃப்ரீலான்ஸரின் மூலதனம். மகாராஷ்டிரத்தின் விசைத்தறி நகரமான மாலேகாவில் உள்ளூர்க்காரர்கள் ஹிந்திப் படங்களைக் கேலியாக நகலெடுத்துச் சொற்பச் செலவில் படம் எடுத்துவந்தார்கள். 2008-ல் அதைப் பற்றி ஓர் ஆவணப்படம் வந்தது. பின்னர் ரீமா கக்தி அதையே முழுநீள ஹிந்திப் படமாக்கினார். இப்படிப்பட்ட விஷயம் முதலில் கண்ணில் படுவது அந்த ஊரில் இருப்பவருக்குத்தான். 'மாலேகாவ் சினிமா' என்பது வெறும் தலைப்பு. யார், எதற்காக, எந்தப் பணத்தில் எடுக்கிறார், இப்போது என்ன சிக்கல் என்று நான்கு வரியில் எழுதி அனுப்பினால் அது விற்கக்கூடிய கட்டுரை.

விற்றால் என்ன கிடைக்கும்? ஆங்கில இதழ்களில் சொல் கணக்குதான் வழக்கம். சொல்லுக்கு 5 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,200 சொல் கட்டுரைக்கு 6,000 ரூபாய். ஆட்களைச் சந்திக்க இரண்டு நாள், எழுத இரண்டு நாள், ஆசிரியர் குழு கேட்கும் திருத்தங்களுக்கு ஒரு நாள். ரயில், ஆட்டோ செலவு 1,000 ரூபாய் போனால் ஐந்து நாள் உழைப்புக்கு மிஞ்சுவது நாளொன்றுக்கு 1,000 ரூபாய். மாதம் நான்கு கட்டுரை விற்றால் 20,000. மும்பையில் அறை எடுத்துத் தங்கியிருப்பவருக்கு இது எந்த மூலைக்கு?

சில இடங்களில் இதுவும் இல்லை. ரிசார்ட்டில் இரண்டு நாள் தங்கவைத்ததே சன்மானம் என்பார்கள். 'உங்கள் பெயர் வருகிறதே' என்பார்கள். பெயரை வைத்துக்கொண்டு மளிகைக் கடையில் அரிசி வாங்க முடியாது என்று சொல்ல வாய் வராது. அடுத்த கட்டுரையையும் அதே ஆசிரியரிடம்தான் விற்றாக வேண்டும். பத்திரிகை ஊழியர்களுக்காவது ஊதியக் குழு என்று ஒன்று இருந்தது. மஜிதியா குழுவின் பரிந்துரைகளை 2011-ல் அரசு அறிவித்தது. 2014-ல் உச்ச நீதிமன்றம் அவற்றை உறுதி செய்தது. சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு அங்கே இடமில்லை.

ஆனால் அவருக்கு உதவக்கூடிய வேறொரு சட்டம் இருக்கிறது. எழுத்தாளர்கள் அதைத் தங்களுடையதாக நினைப்பதே இல்லை. 2006-ல் வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் நட்டு, போல்ட் செய்பவருக்கு மட்டுமானதல்ல. சேவைத் தொழிலும் அதில் அடங்கும். 2020 ஜூலையில் தொடங்கிய உத்யம் பதிவை ஆதார், பான் எண்களைக் கொண்டு தனிநபரும் செய்துகொள்ளலாம். கட்டணம் கிடையாது. பதிவு செய்த குறு, சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். அதற்கு மேல் தவணை வைத்து ஒப்பந்தம் போட்டாலும் செல்லாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி.

இதில் கவனிக்க வேண்டியது அந்த 45 நாள் எப்போது தொடங்குகிறது என்பது. சரக்கையோ சேவையையோ வாங்கியவர் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து. ஒப்படைத்த 15 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். இதழ் அச்சாகிக் கடைக்கு வரும் நாளைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. பதிவை முன்கூட்டியே செய்துகொள்வது நல்லது. பிறகு பதிந்துகொண்டு பழைய பாக்கியைக் கேட்டவர்களின் வழக்குகள் உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கின்றன. பாக்கி விழுந்தால் மாநிலத்தில் இதற்கென உள்ள கவுன்சிலிடம் முறையிடலாம். 2017 முதல் இணையத்திலேயே மனு தரலாம்.

இன்னொரு சொத்தும் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. 1957-ம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி, ஊழியரல்லாத ஒருவர் எழுதிய கட்டுரையின் முதல் உரிமையாளர் அவரே. ஆச்சரியம் என்னவென்றால், அதே கட்டுரைக்குப் பணம் வாங்கிக்கொண்டு படம் எடுத்துத் தரும் ஃப்ரீலான்ஸ் புகைப்படக்காரருக்கு இந்தச் சலுகை இல்லை. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் படம் எடுக்கச் சொன்னவருக்கே உரிமை. எழுத்தாளரோ கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தால் ஒழிய உரிமை கைமாறாது. எழுதிக் கொடுத்தாலும், காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள்தான். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். ஒரே நிறுவனம் பல மொழிகளில் இதழ் நடத்துகிற நாட்டில் மொழிபெயர்ப்பு உரிமை தனிச் சரக்கு. ஒரு கட்டுரை பின்னால் புத்தகமாகலாம், படமாகலாம். 'எல்லா உரிமைகளும், எல்லா வடிவங்களிலும், என்றென்றைக்கும்' என்ற வரியில் அவசரமாகக் கையெழுத்துப் போடுபவர் 6,000 ரூபாய்க்கு இவை அத்தனையையும் சேர்த்தே விற்றுவிடுகிறார்.

சட்டம் இருந்தும் வழக்குக்குப் போகிறவர் குறைவு. 6,000 ரூபாய்க்காக ஒரு பெரிய நிறுவனத்தைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் மனம் வராது. எனவே தகராறு வருவதற்கு முன்பே பேசிவிடுவதுதான் வழி. எத்தனை சொல், எவ்வளவு பணம், எந்தத் தேதிக்குள், என்னென்ன உரிமை, கேட்டு வாங்கிய கட்டுரை வெளிவராமல் போனால் எவ்வளவு - இந்த ஐந்து கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பி, பதில் வந்த பிறகு வேலையைத் தொடங்கலாம். மின்னணு ஆவணத்துக்கு 2000-ம் ஆண்டிலேயே சட்ட அங்கீகாரம் வந்துவிட்டது. தொலைபேசியில் 'பார்த்துக்கொள்ளலாம் சார்' என்ற பேச்சுக்கு அப்படி எதுவும் இல்லை.

ஒழுங்கான ஆசிரியர் இந்தக் கேள்விகளுக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொள்பவரிடமிருந்து பணம் வர எத்தனை தீபாவளி ஆகும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.